எல்லைக்கு அப்பால் பெய்யும் மழை: ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் பகுதியினர் மூன்று நாள் வானிலை அறிவிப்பைப் படிக்கும் முறை

ஊத்துக்கோட்டையில் வெயில் அடிக்கும் காலையிலும் ஆரணி ஆறு இரு கரையையும் தொட்டு ஓடுவது எங்கள் பகுதியில் புதிய காட்சியல்ல. முந்தைய நாள் ஆந்திரத்தின் நாகலாபுரத்து மலைகளிலும் கார்வேட்டிநகரம் பக்கமும் கொட்டிய மழை பிச்சாட்டூர் ஏரியை நிரப்பி, சுருட்டப்பள்ளி அணைக்கட்டைத் தாண்டி இங்கு வந்து சேரும் வேளையில் நம் தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும். பள்ளிப்பட்டிலும் இதே கதைதான். ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணையில் ஷட்டர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். பள்ளிப்பட்டில் அன்று மழை பெய்ததா இல்லையா என்பதை ஆறு கேட்பதில்லை. ஆனால் நாம் காலையில் கைப்பேசியை எடுத்தவுடன் பார்ப்பது "திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்ன நிறம்" என்ற ஒன்றை மட்டும்தான். வானிலை எச்சரிக்கையின் அந்த நிறம் நம் மாவட்டத்தில் பெய்யப்போகும் மழையைச் சொல்கிறது. நமக்கு வரப்போகும் வெள்ளத்தில் பாதியை அது சொல்வதில்லை.

இந்த வழிகாட்டி ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் இருப்போருக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர், பிச்சாட்டூர், சத்தியவேடு, தடா, சூலூர்பேட்டையில் வாழும் தமிழ் பேசுவோருக்கும் எழுதப்படுகிறது. அடுத்த மூன்று நாள் மழை, வெள்ள அபாயம், வழக்கத்தை மீறிய வெப்பம் ஆகிய மூன்றையும் அரசு வெளியிடும் அறிவிப்புகளைக் கொண்டே ஒருவர் தாமாகக் கணித்துக்கொள்ள என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: அறிவிப்பின் நேரத்தைப் பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வு மையம் பல கால அளவுகளில் முன்னறிவிப்பு தருகிறது. அடுத்த சுமார் மூன்று மணி நேரத்துக்கானது உடனடி முன்னறிவிப்பு. மூன்று நாள் வரைக்கானது குறுகிய கால முன்னறிவிப்பு. நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைக்கானது நடுத்தர கால முன்னறிவிப்பு. வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பெரும்பாலானவை இவற்றில் எதைச் சேர்ந்தவை என்று தெரியாமலும், எப்போது வெளியானவை என்று தெரியாமலும் வருகின்றன. வெளியிட்ட தேதியும் நேரமும் இல்லாத படத்தை நான் படிப்பதே இல்லை.

வானிலைத் துறையின் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. "16ஆம் தேதி 20 செ.மீ. மழை பதிவு" என்றால், அதில் பெரும்பகுதி 15ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்ததாக இருக்கலாம். அதேபோல் இன்றைய எச்சரிக்கை என்பது நாளை காலை 8.30 வரை செல்லும். "இன்றைக்கு ஆரஞ்சு என்றார்கள், இரவு பத்து மணி வரை ஒன்றும் இல்லை" என்று படுக்கப் போகிறவர், நம் கடற்கரைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் அடிக்கடி வலுக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: இரண்டு மாநில அறிவிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள்

தமிழ்நாட்டுக்கான அறிவிப்பு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து வருகிறது. ஆந்திரத்துக்கானது அமராவதி வானிலை ஆய்வு மையத்திலிருந்து வருகிறது. அமராவதி அறிவிப்பில் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் ராயலசீமா என்ற தலைப்பின் கீழும், நெல்லூர் தென் கடலோர ஆந்திரம் என்ற தலைப்பின் கீழும் இருக்கும். திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய மழைக் கணக்குகளைத் தேடுவோர் சூலூர்பேட்டை, தடா ஆகியவற்றை நெல்லூர் மாவட்டத்தில் பார்க்க வேண்டும்.

ஆரணி ஆற்றங்கரையில் இருப்பவர் திருப்பதி மாவட்டத்துக்கான வரியையும், கொசஸ்தலைக் கரையில் இருப்பவர் சித்தூர் மாவட்டத்துக்கான வரியையும் தம் மாவட்டத்துக்கு முன்னால் படிக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. திருவள்ளூருக்கு மஞ்சளும் திருப்பதிக்குச் சிவப்பும் கொடுக்கப்பட்டிருந்தால், ஆரணி ஆற்றைப் பொறுத்தவரை அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

தெலுங்கு அறிவிப்பைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் நம்மவர்கள் ஓரிடத்தில் தவறாமல் இடறுகிறார்கள். தமிழ் அறிவிப்பில் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று மூன்று படிகள் உள்ளன. அவற்றில் 'அதி' என்பது உச்சப் படி. தெலுங்கில் 'பாரி வர்ஷாலு' என்பது கனமழை, 'அதி பாரி' என்பது மிக கனமழை, 'அத்யந்த பாரி' என்பதே அதி கனமழை. அதாவது தெலுங்கின் 'அதி' நம் 'மிக'வுக்குச் சமம். இதை அறியாதவர் தெலுங்குத் தொலைக்காட்சியில் 'அதி பாரி' என்று கேட்டு அளவுக்கு மீறி அஞ்சுவார். அல்லது 'அத்யந்த' என்று வரும்போது அது இன்னும் ஒரு படி மேல் என்பதைக் கவனிக்காமல் விடுவார். இரண்டாவதுதான் ஆபத்தானது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியை அவர்கள் 'அல்பபீடனம்' என்றும், தாழ்வு மண்டலத்தை 'வாயுகுண்டம்' என்றும், ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தைத் 'தீவ்ர வாயுகுண்டம்' என்றும் சொல்கிறார்கள். கோடையில் வரும் 'வடகாலுலு' நம் காதுக்கு வடகாற்று என்று குளிர்ச்சியாக விழும். அது வெப்ப அலையைக் குறிக்கும் சொல். 'அரணியார் பிராஜெக்ட்' என்பது நாம் பிச்சாட்டூர் ஏரி என்று சொல்வதைத்தான்.

மூன்றாம் படி: சொற்களுக்குப் பின்னால் இருக்கும் அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை பெய்தால் மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5 அல்லது அதற்கு மேல் அதி கனமழை. தோராயமாக ஆறரை, பதினொன்றரை, இருபதரை சென்டிமீட்டர் என்ற மூன்று வாசல்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இடப்பரவலைச் சொல்லும் சொற்களும் அலங்காரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை பதிவாகும் என்று பொருள். 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரை. அதற்கு மேல் 'பல இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று விரியும். எனவே 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று அறிவித்த நாளில் உங்கள் ஊர் காய்ந்து கிடந்தால் அறிவிப்பு பொய்த்ததாகாது. ஆற்றுக்கு முக்கியமானது பரவல்தான். ஒரே ஊரில் 15 செ.மீ. கொட்டினால் அந்த ஊர் ஏரி கோடி போகும், அதாவது நிரம்பி வழியும். பெரும்பாலான இடங்களில் 8 செ.மீ. பெய்தால் ஆறு பெருகும்.

பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டும். நிறம் மழையின் அளவை மட்டும் வைத்துக் கொடுக்கப்படுவதில்லை. நிகழ்வதற்கான வாய்ப்பும் அதனால் ஏற்படக்கூடிய பாதிப்பும் சேர்த்து எடைபோடப்படுகின்றன. 2024 அக்டோபர் 16 இதற்கு நல்ல பாடம். அன்றைக்குச் சென்னைக்கும் திருவள்ளூருக்கும் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்திலேயே சோழவரத்தில் 30 செ.மீ., செங்குன்றத்தில் 28 செ.மீ. பெய்து முடிந்திருந்தது, அதன் பிறகு அன்று பகலில் எதிர்பார்த்த அளவுக்கு மழை வரவில்லை. 17ஆம் தேதி அதிகாலையில் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. "சிவப்பு என்று பயமுறுத்தினார்கள்" என்று கேலி செய்தவர்களில் பலர் சோழவரத்து அளவைப் பார்க்கவே இல்லை.

நான்காம் படி: தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது, நாம் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறோம்

வங்கக் கடலில் ஒரு சுழற்சி உருவானால் அதைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வீசும். அது மேற்கு நோக்கி வந்து கரையைக் கடக்கும்போது, அதன் வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கும், தெற்குப் பக்கத்தில் நிலத்திலிருந்து கடலுக்கும் வீசும். கடலிலிருந்து வரும் காற்றுதான் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. அது நகரி, நாகலாபுரம், திருமலை மலைகளில் மோதி மேலெழும்போது மழை இன்னும் கூடுகிறது. ஆகவே புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடக்கும் சுழற்சி, எல்லைப் பகுதியின் மலைகளுக்கு மிகவும் மோசமானது. அதே சுழற்சி நெல்லூருக்கு வடக்கே போனால் நமக்கு மேற்குக் காற்றே கிடைக்கும்; மழை குறையும், சில நேரம் வெப்பம்கூட ஏறும்.

2021 நவம்பரில் இதைக் கண்ணால் கண்டோம். 19ஆம் தேதி அதிகாலையில் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. பெரும் அடி விழுந்தது அதற்கு வடமேற்கே: திருப்பதி நகரமும் திருமலையும் வெள்ளக்காடாயின, கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை அன்று உடைந்தது. தொலைக்காட்சியில் "சென்னை அருகே கரையைக் கடந்தது" என்ற ஒரு வரியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த மலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் 5ஆம் தேதி பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரு நாட்களில் அது சென்னைக்கு அப்பால் கடலில், கரையை ஒட்டியே மெதுவாக வடக்கு நோக்கி நகர்ந்ததால், சென்னையும் திருவள்ளூரும் மூழ்கின. ஆதலால் கரை கடக்கும் இடத்தோடு, நகரும் வேகத்தையும் பாருங்கள். ஓரிடத்தில் நின்றுவிடும் சுழற்சிக்கு நான் எப்போதும் ஒரு நிறம் கூட்டியே வைத்துக்கொள்வேன்.

காற்றின் வேகத்தைக் கொண்டு அமைந்த படிநிலையையும் தெரிந்துகொள்ளலாம்: மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் புயல். இந்தப் படிநிலை காற்றுக்கு உரியது, மழைக்கு உரியதன்று. பெயர்கூட வைக்கப்படாத தாழ்வுப் பகுதி, பெயர் வைத்த புயலைவிட அதிக மழை கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஐந்தாம் படி: கடைசி மூன்று மணி நேரத்துக்கு ரேடார்

சென்னைத் துறைமுகம், பள்ளிக்கரணை, ஸ்ரீஹரிகோட்டா ஆகிய இடங்களில் மழை மேகங்களின் இருப்பையும் நகர்வையும் காட்டும் டாப்ளர் ரேடார்கள் இருக்கின்றன. வானிலை மையத்தின் தளத்தில் அவற்றின் படங்கள் சிறிது நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். தனிப் படம் ஒன்றைப் பார்ப்பதால் பயனில்லை. தொடர்ச்சியாக நான்கைந்து படங்களைப் பார்த்து, மேகக் கூட்டம் எத்திசையில் நகர்கிறது, வளர்கிறதா தேய்கிறதா, கடலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அபாயக் குறி: ரயில் பெட்டிகள்போல ஒரே தடத்தில் மேகங்கள் வந்துகொண்டிருந்தால் அந்தத் தடத்தின் கீழுள்ள ஊர்களில் சில மணி நேரத்தில் 15, 20 செ.மீ. சேர்ந்துவிடும். இதையெல்லாம் 'மேகவெடிப்பு' என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. சிறு பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அளவுக்குக் கொட்டினால் மட்டுமே அந்தச் சொல் பொருந்தும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை படம் தலைகீழாகும். பிற்பகலில் சித்தூர், வேலூர் மலைகளில் வெப்பச் சலனத்தால் திரளும் இடிமேகங்கள் மேற்குக் காற்றில் கிழக்கே நகர்ந்து, திருத்தணியை மாலையிலும் பொன்னேரியை முன்னிரவிலும் அடையும். அந்தக் காலத்தில் நகரிக்காரர்கள் பார்க்கும் மின்னல், திருவள்ளூர்க்காரர்களுக்கு ஓரிரு மணி நேர முன்னறிவிப்பு. வயலில் வேலை செய்வோர் மின்னல் எச்சரிக்கைக்காகத் 'தாமினி' செயலியை வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: மழையை ஆற்று நீராக மாற்றிக் கணக்கிடுங்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். முன்னறிவிப்பு முடிந்து நம் ஊர் தொடங்கும் இடம் இது.

முதலில் நீர் வரும் வழியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர், நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. பிச்சாட்டூர் ஏரியின் கொள்ளளவு சுமார் 1.85 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). கொசஸ்தலைக்கு அம்மப்பள்ளி அணை வழியாகவும், லவா, குசா என்ற சிற்றாறுகள் வழியாகவும் நீர் வருகிறது. நகரி ஆறும் திருத்தணிப் பக்கத்து நந்தி ஆறும் அதில் சேர, எல்லாம் பூண்டியில் கூடும். 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, அதாவது 3.2 டி.எம்.சி.க்குச் சற்று மேல். அங்கிருந்து திறக்கும் உபரிநீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து மணலி புதுநகரைத் தொட்டு எண்ணூரில் கடலில் சேரும். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரைச் செய்தியில் பார்த்து அதை வெள்ளமென்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குடிநீருக்காகத் திறக்கப்படுவது, பெருமழைக் காலத்தில் அதை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்து, ஒரு எளிய கணக்கு. 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஒரு கோடி கன மீட்டர், ஏறத்தாழ 353 மில்லியன் கன அடி. அதில் பாதி ஆற்றுக்கு வந்தால் 176 மில்லியன் கன அடி. அது ஒரு நாளில் ஓடி முடிந்தால் சராசரியாக நொடிக்கு 2,000 கன அடி. இந்தப் 'பாதி' என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அக்டோபர் முதல் வாரத்தில் மண் காய்ந்தும் ஏரிகள் வெறுமையாகவும் இருக்கும்போது, பெய்ததில் சிறு பங்கே ஆற்றுக்கு வரும். நவம்பர் கடைசியில் ஒவ்வோர் ஏரியும் கோடி போய்க்கொண்டிருக்க, மேலேரி நீர் கீழேரியில் விழ, அதே 10 செ.மீ. மழையில் பெரும்பகுதி ஓடி வந்துவிடும். ஆகவே அக்டோபரில் கனமழையைத் தாங்கிய தரைப்பாலம் நவம்பரில் அதே மழையைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. கடந்த ஏழு நாளில் எவ்வளவு பெய்திருக்கிறது என்ற கூட்டுத்தொகையை, அடுத்த மூன்று நாள் அறிவிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நீர்த்தேக்கத்தில் மீதமுள்ள இடம். பூண்டியில் 2,700 மில்லியன் கன அடி இருப்பு, நீர்வரத்து நொடிக்கு 10,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். மீதமிருப்பது 531 மில்லியன். அதைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 53,100 நொடி, பதினைந்து மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். பொறியாளர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். முன்னதாகவே சிறிய அளவில் திறக்கத் தொடங்கி, வரத்து கூடக் கூடத் திறப்பையும் கூட்டுவார்கள். எனவே "500 கன அடி திறப்பு" என்ற முதல் செய்தியைக் கேட்டு "இவ்வளவுதானா" என்று விட்டுவிடாதீர்கள். நீர்வரத்து எவ்வளவு என்று கேளுங்கள்; நீர்வரத்து திறப்பைவிடப் பல மடங்கு இருந்தால், திறப்பு அந்த அளவை எட்டப்போகிறது என்று பொருள். ஒரு நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி வந்தால் அது ஒரு டி.எம்.சி. என்ற எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டால், செய்தித்தாளின் இரண்டு வகை அளவுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடியும்.

கடைசியாக, நீர் வந்து சேரும் நேரம். வெள்ளம் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடினால் மணிக்கு ஐந்து கி.மீ.க்குச் சற்று மேல். ஆனால் மணற்படுகை, கருவேலமரங்கள், அணைக்கட்டுகள், வளைவுகள் எல்லாம் இந்தக் கணக்கைக் குழப்பும். இதற்குச் சூத்திரத்தைவிட அனுபவமே மேல்: பிச்சாட்டூரில் ஷட்டர் திறந்த நேரத்தையும் உங்கள் ஊர்ப் பாலத்தை நீர் தொட்ட நேரத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். மூன்று மழைக்காலத்தில் உங்களுக்கென்று ஓர் எண் கிடைத்துவிடும். காய்ந்த ஆற்றில் முதல் வெள்ளம் தாமதமாகவும், ஏற்கெனவே ஓடும் ஆற்றில் அடுத்த வெள்ளம் விரைவாகவும் வரும் என்பதையும் அந்தக் குறிப்பேடே சொல்லிக்கொடுக்கும்.

திறப்புச் செய்தி தமிழகப் பக்கம் வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும், ஆந்திரப் பக்கம் கிராமச் செயலகம் வழியாகவும் வரும். ஒரு முறை எனக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது தண்ணீர் ஏற்கெனவே பாலத்தில் இருந்தது. அன்றிலிருந்து பிச்சாட்டூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் உறவினரின் தொலைபேசி எண்தான் என் முதல் எச்சரிக்கை நிலையம். உங்களுக்கும் ஆற்றின் மேற்பக்கத்தில் அப்படி ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. ஆந்திரத்தில் 1070 அல்லது 112.

ஏழாம் படி: முகத்துவாரம்

பொன்னேரி, பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதியினர் மட்டும் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் எவ்வளவு வந்தாலும் கடல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றம் அதிகமாக இருக்கும், பழவேற்காடு முகத்துவாரம் மணல் மூடிக் குறுகியும் இருக்கலாம். கரையை நோக்கிப் பலத்த காற்றும் சேர்ந்தால் வெள்ளம் கடலுக்குள் போக முடியாமல் பின்னோக்கித் தேங்கி ஊருக்குள் நிற்கும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையை அன்றைய திறப்பு அளவோடு வைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: வெப்பத்தைப் படித்தல்

மழைக்காலத்தில் வெப்பத்தைப் பற்றி எழுதுவது பொருந்தாததுபோலத் தோன்றலாம். ஆனால் அக்டோபர், நவம்பரில் இரண்டு மூன்று நாள் வெயில் கோடைபோல அடித்தால், "பருவமழை பொய்த்துவிட்டது" என்ற பேச்சு டீக்கடையில் உடனே தொடங்கிவிடும். பெரும்பாலும் காரணம் வேறு. கடலில் தொலைவில் உள்ள ஒரு சுழற்சி ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்போது, நமக்கு நிலத்திலிருந்து வறண்ட மேற்கு அல்லது வடமேற்குக் காற்று வரும். மேகம் கலையும், பகல் வெப்பம் இயல்பைவிட மூன்று நான்கு டிகிரி ஏறும். அந்தச் சுழற்சி நம்மை நோக்கி வருகிறதா என்பதைத்தான் அப்போது பார்க்க வேண்டும். வருகிறதென்றால் அந்த வெயில் நாட்கள் நெல்லைக் காயவைக்கவும் கால்வாயைத் தூர்வாரவும் கிடைத்த அவகாசம்.

அறிவிப்பில் வெப்பம் 'இயல்பை ஒட்டி' என்றால் ஒன்றரை டிகிரி கூடக்குறைய. அதற்கு மேல் மூன்று டிகிரி வரை 'இயல்பைவிட அதிகம்'. அதைத் தாண்டி ஐந்து வரை, ஐந்துக்கு மேல் என்று படிகள் போகும். வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், அதோடு இயல்பைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோர நிலையங்களுக்கு 37 டிகிரியும் அதே நாலரை டிகிரி விலகலும் தேவை. விலகல் எவ்வளவாயினும் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலைதான். நம் செய்தித்தாள்கள் "வெயில் சதமடித்தது" என்று எழுதுவது 100 டிகிரி பாரன்ஹீட், அது 37.8 செல்சியஸ் மட்டுமே. 104 என்று வரும்போதுதான் 40ஐத் தொடுகிறது. அக்னி நட்சத்திரத்தைப் பொறுத்தவரை, அது பஞ்சாங்கக் காலம். அந்த நாட்களில் மழை பெய்து குளிர்ந்த ஆண்டுகளும் உண்டு, அது முடிந்த பிறகு கொளுத்திய ஆண்டுகளும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாள் 2003 மே 31, கத்திரி முடிந்த பிறகு.

கோடையில் இந்தப் பகுதிக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. பழவேற்காட்டில் நண்பகலுக்கு முன்பே கடற்காற்று வந்துவிடும் நாளில் திருத்தணிக்கு அது மாலையில்தான் எட்டும். சில நாள் எட்டவே எட்டாது. திருத்தணி அடிக்கடி மாநிலத்தின் வெப்பப் பட்டியலில் மேலே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேற்குக் காற்று வலுவாக இருந்து கடற்காற்று தாமதமாகும் என்று அறிவிப்பில் கண்டால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வெளிவேலை செய்வோரும் பகல் 12 முதல் 3 வரை வேலையை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஆந்திரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப எச்சரிக்கையை மண்டல அளவில், அதாவது நம் வட்டத்தைவிடச் சிறிய அலகில், பெயர் சொல்லி வெளியிடுகிறது. எல்லையோரத் தமிழக ஊர்க்காரர்களுக்கும் அது நல்ல வழிகாட்டி. நகரி மண்டலத்துக்குச் சொன்னது பள்ளிப்பட்டுக்கும் பொருந்தும்.

பகல் அளவை மட்டும் பார்த்து இரவை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. குறைந்தபட்ச வெப்பநிலை 29, 30 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் தொடர்ந்தால் உடல் தேறுவதற்கு நேரமே கிடைக்காது. தகரக் கூரை வீடுகளில் உள்ள முதியவர்களுக்கு மூன்றாம் நாள்தான் மோசமாகும். வியர்வை நின்று, உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும், மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒன்பதாம் படி: வீட்டில் ஒரு மழைமானி, ஒரு குறிப்பேடு

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேராக நிற்கும் டப்பா ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே உள்ள நீரின் உயரத்தை அளவுகோலால் தினமும் காலை 8.30க்கு அளந்தால் அதுவே மழைமானி. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். வாய் அகன்று அடி குறுகிய குவளை வேண்டாம். அளவு பொய் சொல்லும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஆறு பத்திகள் போதும்: உங்கள் மழை, திருவள்ளூருக்குச் சொன்ன நிறம், திருப்பதிக்கோ சித்தூருக்கோ சொன்ன நிறம், அணையின் இருப்பும் வரத்தும், திறப்பு, பாலத்தில் நீர் தொட்ட நேரம். கோடையில் கடைசி மூன்றுக்குப் பதிலாகப் பகல் வெப்பம், இரவு வெப்பம், கடற்காற்று வந்த நேரம். மேற்கே ஆரஞ்சு என்று மாலை அறிவிப்பில் வந்தவுடன் மாடுகளையும் மோட்டாரையும் ஆற்றுப்படுகையிலிருந்து மேட்டுக்கு ஏற்றிவிடுவது, வரத்து திறப்பை மிஞ்சிய செய்தி வந்தவுடன் மறுகரையில் படிக்கும் பிள்ளைகளைப் பாலம் மூடுவதற்கு முன் வீட்டுக்கு அழைத்துக்கொள்வது, இரவில் தரைப்பாலத்தில் எவ்வளவு குறைவாக நீர் ஓடினாலும் வண்டியை இறக்காமல் இருப்பது ஆகிய மூன்று முடிவுகளுக்கும், உங்கள் ஊரில் எத்தனை மணி நேர அவகாசம் இருக்கிறது என்பதை அந்தக் கடைசிப் பத்தியின் நேரங்களைக் கூட்டிக் கழித்து அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.